இறங்கிக்கொண்டே இருந்த ஜாக்

அவள் உட்கார்ந்து சாப்பிட்டதை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடப்பாள். பல் துலக்கியபடியே மொட்டை மாடி வரை போய்த் திரும்புவாள். யாராவது ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், சொல்லி முடிப்பதற்குள் அடுத்த அறையிலிருந்து "ம், கேக்குது" என்று குரல் வரும். மாமியார்தான் முதலில் அவளைப் பம்பரம் என்று கூப்பிட்டது. அது திட்டாக ஆரம்பித்து, பட்டப்பெயராகி, கடைசியில் வாடிக்கையாளர்கள்கூட "பம்பரம் இருக்காங்களா?" என்று கேட்டு வரும் அளவுக்கு நிலைத்துவிட்டது.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு துணி கம்பெனியில் தையல் இயந்திரங்களைப் பழுது பார்த்தவள். வரிசை வரிசையாக மிஷின்கள், எப்போதும் ஏதாவது ஒன்று நின்று போகும், ஓட வேண்டும். அந்த ஓட்டம் அவளுக்குப் பிடித்திருந்தது. கல்யாணமாகி வந்த வீடு மாடியில், கீழே மாமனாரின் ஒர்க்‌ஷாப். கணவன் சரக்கு லாரி ஓட்டுகிறவன். போனால் வருவதற்கு ஒரு வாரம் ஆகும். மாடியில் சும்மா இருக்க முடியாமல் ஒருநாள் மாமனாருக்கு டார்ச் பிடிக்கக் கீழே இறங்கினாள். அப்புறம் அவள் மாடிக்குப் போனது சமைப்பதற்கும் தூங்குவதற்கும் மட்டும்தான். சமையலும் நாளடைவில் மாமியார் பொறுப்பாகிவிட்டது. அதில் மாமியாருக்கு அவள்மேல் இருந்த வருத்தம் தனிக் கதை.

அந்த ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸ் வேலை மட்டும்தான். இரண்டு இரும்புத் தூண்களுக்கு நடுவே வண்டியைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தும் லிஃப்ட் ஒன்று. அடியில் போய் நின்று, இன்ஜினோடு சேர்ந்திருக்கும் கியர்பாக்ஸைக் கழற்றி இறக்க வேண்டும். ஓர் ஆள் கையால் தாங்கக்கூடிய எடை இல்லை அது. அதற்குத்தான் கியர்பாக்ஸ் ஜாக். நான்கு சக்கரம் வைத்த அடிப்பாகம், அதன் மேல் ஆள் உயரத்துக்கு நீளும் தூண், தூணின் உச்சியில் கியர்பாக்ஸைத் தாங்கும் தட்டு, தட்டின் இரு பக்கமும் கட்டுவதற்குச் சங்கிலி. காலால் பெடலை மிதித்தால் உள்ளே எண்ணெய் அழுந்தி, தூணுக்குள் இருக்கும் தண்டு மேலே ஏறும். வால்வை மெதுவாகத் திறந்தால் இறங்கும். அந்தப் பெரிய எடையை ஒரு மனுஷி தன் கால் பலத்தில் தூக்குவதும் குழந்தையைத் தொட்டிலில் இறக்குவதுபோல இறக்குவதும், பார்க்கிறவர்களுக்கு எப்போதும் வேடிக்கைதான்.

மாமனார் ஒர்க்‌ஷாப் ஆரம்பித்தபோது வாங்கிய ஜாக் அது. வேலையில் கெட்டிக்காரர், ஆனால் மூக்கு நுனியில் கோபம். தான் வாங்கிய சாமானைக் குறை சொன்னால் தன்னைச் சொன்னதாகவே எடுத்துக்கொள்வார்.

ஒருநாள் மதியம், ஒரு கியர்பாக்ஸ் ஜாக்கின் மேல் இருக்கும்போதே மாமியார் சாப்பிடக் கூப்பிட்டார். எடையை ஏற்றி வைத்துவிட்டுப் போகக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். "இறக்கிட்டுப் போலாம் மாமா" என்றாள். "சோறு ஆறிடும், வா" என்று அவர் படியேறிவிட்டார். அவள் வழக்கம்போல நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு முதலில் இறங்கி வந்தாள். வந்தவள் அப்படியே நின்றாள். போகும்போது தட்டின் விளிம்பு, லிஃப்ட் தூணில் இருந்த ஒரு பெயிண்ட் வடுவுக்கு நேராக இருந்தது. இப்போது ஒரு விரல் அளவு கீழே இருந்தது.

யாரும் வால்வைத் தொடவில்லை. பெடலைத் தொடவில்லை. தானாகவே இறங்கியிருக்கிறது.

ஏப்பம் விட்டபடி வந்த மாமனாரிடம் காட்டினாள்.

"காத்து புகுந்திருக்கும். வால்வைத் திறந்துட்டு நாலு தடவை மிதிச்சா வெளிய போயிடும்."

"காத்து புகுந்தா பெடல் பஞ்சு மாதிரி இருக்கும் மாமா. இது கெட்டியாத்தான் இருக்கு. ஆனா இறங்குது. உள்ள எண்ணெயைப் பிடிச்சு நிறுத்துற ரப்பர் சீல் போயிருக்கு."

"அப்ப கொஞ்சம் ஆயில் ஊத்து. சரியாயிடும்."

கியர்பாக்ஸை இறக்கி வைத்த பிறகு, பளபளவென்றிருந்த தண்டை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தாள். துணியில் எண்ணெய் வட்டமாகப் பிடித்தது. மோந்து பார்த்தாள். ஹைட்ராலிக் ஆயில் வாசனை இல்லை. மூக்கைச் சுருங்க வைக்கும் வேறு ஏதோ.

"மாமா, இதுல என்ன ஆயில் ஊத்துனீங்க?"

"நம்ம ஆயில் தீந்து போச்சுன்னு போன மாசம் பிரேக் ஆயில் கொஞ்சம் ஊத்தினேன். எல்லாம் எண்ணெய்தானே?"

பிரேக் ஆயில் பட்டால் இந்த ஜாக்கின் ரப்பர் சீல் ஊதிப்போய், கொழகொழத்து, ஒருநாள் கிழியும். அதோடு விடவில்லை அவள். குனிந்து அடியில் பார்த்தாள். ஜாக் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் எடை ஏற்றினால் தானே திறந்துகொள்ளும்படி கம்பெனியில் ஒரு திருகை அமைத்து, அதன் தலையில் சிவப்பு மெழுகு வைத்து மூடியிருப்பார்கள். அந்த மெழுகு உடைந்திருந்தது. திருகின் தலையில் ஸ்க்ரூ டிரைவர் தடம்.

"இதையும் திருகினீங்களா?"

"பெரிய வண்டி கியர்பாக்ஸ் ஏறலன்னு ஒரு சுத்து திருகினேன். ஏறுச்சுல்ல?" என்று அவர் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. விடிந்ததும் முகம் கழுவாமல் கீழே ஓடினாள். மூலையில் கிடந்த ஒரு உடைந்த கியர்பாக்ஸைத் தரையோடு தரையாக இறக்கிய தட்டின் மேல் புரட்டி ஏற்றி, சங்கிலியைக் கட்டி, முழங்கால் உயரத்துக்கு மட்டும் தூக்கி, தண்டில் சாக்பீஸால் கோடு போட்டாள். மேலே போனாள். பாலை அடுப்பில் வைத்தாள். கீழே வந்து கோட்டைப் பார்த்தாள். மேலே போனாள். பால் பொங்கி வழிந்தது. மறுபடி கீழே வந்தாள்.

"ஏம்மா, கல்யாணமான புதுசுல புருஷன் வர்றானான்னுகூட நீ இப்படி எட்டிப் பாத்ததில்லையே" என்றார் மாமியார், அடுப்பைத் துடைத்தபடி. "அந்த இரும்புல அப்படி என்ன இருக்கு?"

"இறங்குது அத்தை."

"இறங்கட்டும். ஏறினது இறங்கத்தானே செய்யும்?"

கணவனுக்குப் போன் செய்தாள். அவன் எங்கோ ஒரு சுங்கச்சாவடி வரிசையில் நின்றிருந்தான். பின்னால் ஹாரன் சத்தம்.

"அப்பாகிட்ட பொறுமையா எடுத்துச் சொல்லு."

"பொறுமையா சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது. நீங்க சொல்லுங்க."

"நான் சொன்னா, லாரி ஓட்டுறவனுக்கு என்னடா தெரியும்பாரு. நீ சொன்னாதான் கேப்பாரு."

"யாரு, நான் சொன்னாலா?" என்று சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் இன்னும் படபடப்பாக இருந்தது.

ஜாக்கைப் பிரித்து, சீல் மாற்றி, உள்ளே கழுவி, சரியான எண்ணெய் ஊற்றினால் ஒருவேளை உயிர் பிழைக்கும். அதற்கு இரண்டு நாள் வேலையை நிறுத்த வேண்டும். அதைச் சொன்னபோது மாமனார் வாசலைக் காட்டினார். வாசலில் ஒரு பள்ளிக்கூட வேன் நின்றிருந்தது. கியர் விழாத வேன். பிள்ளைகளை ஏற்றிப் போக வேறு வண்டி இல்லை என்று டிரைவர் காலையிலிருந்து வாசலிலேயே நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"இதை முடிச்சிட்டுப் பிரி. நான் என்ன வேண்டாம்னா சொல்றேன்?"

"இது கனமான கியர்பாக்ஸ் மாமா. அந்த ஜாக்கை வெச்சு நான் இறக்கமாட்டேன்."

"அப்ப நீ போய் மாடில உட்காரு. நான் இறக்கிக்கிறேன்."

அவர் சொன்னதில் அவளால் செய்ய முடியாத காரியம் உட்காருவதுதான். வேனை லிஃப்டில் ஏற்றித் தூக்கிவிட்டு, டிரைவரிடம் "சாப்பிட்டுட்டு வாங்க, ஆகும்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, மாமனார் ஜாக்கை உருட்டிக்கொண்டு போனார். அவள் தூணுக்கும் வாசலுக்குமாக நடந்தாள். பார்க்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தட்டு நடுவுல இல்ல மாமா. முன்பக்கம் தள்ளி வெச்சிருக்கீங்க. கியர்பாக்ஸோட வால் பக்கம் கனம்."

"போதும், போதும்."

"சங்கிலியாவது கட்டுங்க."

"கட்டி அவுக்குற நேரத்துல வேலையே முடிஞ்சிரும்."

நேராகப் போய்ச் சங்கிலியைக் கியர்பாக்ஸின் உடம்பைச் சுற்றிப் போட்டு, தட்டின் கொக்கியில் மாட்டி இறுக்கினாள். அவர் முறைத்தார், ஆனால் தடுக்கவில்லை. பிறகு ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். கடைசிப் போல்ட் கழன்றதும் கியர்பாக்ஸை இன்ஜினிலிருந்து பிரிக்க ஓர் ஆட்டு ஆட்டினார். இடக்கை முன்னால் இருந்தது. வலக்கையை வால்பக்கத்தின் அடியில், வண்டிக்குக் குறுக்கே ஓடும் இரும்புச் சட்டத்துக்கு மேலாகக் கொடுத்துத் தாங்கினார்.

கியர்பாக்ஸ் விடுபட்டது. முழு எடையும் ஜாக்கின் மேல் வந்தது. சைக்கிள் டியூப் வெடித்தாற்போல ஒரு சின்னச் சத்தம், அதன் பிறகு ஒரு சீறல். தண்டின் கழுத்திலிருந்து எண்ணெய் பீறிட்டது. தட்டு கண்ணெதிரே இறங்கியது. வால் சாய்ந்து குறுக்குச் சட்டத்தின் மேல் உட்கார்ந்தது. நடுவில் மாமனாரின் கை.

அவர் கத்தியது அவளுக்குப் பிறகுதான் காதில் விழுந்தது. அதற்குள் அவள் கால் பெடலில் இருந்தது.

மிதித்தாள். தட்டு ஒரு நூல் ஏறியது. மாமனாரின் கத்தல் முனகலாகத் தணிந்தது. காலை எடுத்து அடுத்த மிதி மிதிப்பதற்குள் தட்டு ஏறிய அளவுக்கு இறங்கியிருந்தது. மறுபடி மிதித்தாள். வேகமாக மிதித்தால் எடை அவர் கையை அழுத்தாமல் நின்றது. ஆனால் கையை உருவும் அளவுக்கு ஏறவில்லை. மிதிப்பதை நிறுத்தினால் கை நசுங்கும். அவ்வளவுதான் கணக்கு.

"கைய எடுக்க வருதா மாமா?"

"வரல... வரலம்மா..."

"அத்தை!" என்று அவள் போட்ட சத்தம் அந்தத் தெருவுக்கே கேட்டிருக்கும். "அத்தை! கீழ வாங்க!"

மாமியார் ஈரக் கையோடு இறங்கி வந்தார். இத்தனை வருஷத்தில் ஒர்க்‌ஷாப்பின் உள்ளே அவர் பத்தடிகூட வந்ததில்லை. வாசலில் நின்று சாப்பிடக் கூப்பிடுவதோடு சரி. கணவரைப் பார்த்ததும் வாயில் கை வைத்து நின்றுவிட்டார்.

"அத்தை, அழாதீங்க. அப்புறம் அழலாம். செவுத்தோரமா நெட்டையா ஒரு ஸ்டாண்டு நிக்குது பாருங்க. மூணு கால் இருக்கும். அதை இழுத்துட்டு வாங்க."

மாமியார் ஓடினார். ஸ்டாண்டு கனமாக இருந்தது. தரையில் கீறிக்கொண்டு வந்தது.

"மாமா கைக்குப் பக்கத்துல, அந்த வாலுக்கு அடியில வைங்க. தலையை உள்ள கொண்டு போகாதீங்க. கைய மட்டும் நீட்டுங்க. ஆங், அங்கதான். இப்ப அந்தத் திருகைச் சுத்துங்க, மேல ஏறும்."

மாமியார் சுற்றினார். ஸ்டாண்டின் தலை மேலே ஏறாமல் உள்ளே போனது.

"எதிர்ப்பக்கம் அத்தை! குழாயைத் திறக்குற மாதிரி!"

"மெதுவா சொல்லுடி, எனக்கு ஒண்ணும் புரியல!"

"சரி, மெதுவா சொல்றேன். குழாயைத் திறங்க."

அவள் மெதுவாகச் சொன்னாளே தவிர, கால் மெதுவாகவில்லை. தரையெல்லாம் எண்ணெய். பெடலில் செருப்பு வழுக்கியது. உதறிவிட்டு வெறுங்காலால் மிதித்தாள். தொடை எரிந்தது. கால் மாற்றலாம் என்று ஒரு கணம் நிறுத்தியதற்கே மாமனார் அலறினார். பிறகு கால் மாற்றும் எண்ணத்தையே விட்டுவிட்டாள். அதைவிட மோசமான ஒன்று அப்போதுதான் அவள் பாதத்துக்குத் தெரிந்தது. பெடல் கெட்டி குறைந்து பஞ்சுபோல ஆகிக்கொண்டிருந்தது. வெளியே கொட்டிய எண்ணெய் உள்ளே இல்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் எவ்வளவு மிதித்தாலும் வெறும் காற்றைத்தான் மிதிப்பாள்.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இன்னும் வேகமாக மிதித்தாள்.

"தொட்டுடுச்சு!" என்றார் மாமியார். "இரும்பைத் தொட்டுடுச்சு!"

"சுத்துங்க. இன்னும் சுத்துங்க. அவ்வளவு பலத்தையும் போட்டுச் சுத்துங்க."

மாமியார் முந்தானையைத் திருகின் கைப்பிடியில் சுற்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். கால் சுற்று. அரைச் சுற்று. கியர்பாக்ஸின் வால் முணுக்கென்று எழும்பியது. மாமனார் கையை உருவிக்கொண்டு தரையில், எண்ணெயிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு பேரும் வெளிய வாங்க. வெளிய!" என்று கத்தி, அவர்கள் நகர்ந்த பிறகுதான் அவள் பெடலிலிருந்து காலை எடுத்தாள். ஜாக் பெருமூச்சு விட்டதுபோல் சரிந்து இறங்கியது. சங்கிலி விண்ணென்று இழுபட்டது. கியர்பாக்ஸ் ஒருபக்கம் ஸ்டாண்டிலும் ஒருபக்கம் தாழ்ந்த தட்டிலுமாகச் சரிந்து, சங்கிலியின் பிடியில் கோணலாக நின்றது. விழவில்லை.

பக்கத்துப் பட்டறை வெல்டர் தன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இரண்டு விரல்களில் எலும்பு முறிவு. சுண்டு விரலின் நுனியைக் காப்பாற்ற முடியவில்லை. மற்றபடி கை தப்பியது என்றார் டாக்டர். வெளியே பெஞ்சில் மாமியாரும் மருமகளும் காத்திருந்தார்கள். அவளை வற்புறுத்தி உட்கார வைத்தது மாமியார்தான். ஆனால் அவளுடைய வலது கால் நிற்கவில்லை. தரையைத் தட்டித் தட்டி மிதித்துக்கொண்டே இருந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. மாமியார் அவள் முழங்காலின் மேல் கையை வைத்து அழுத்தினார்.

"போதும்டி. வெளிய எடுத்தாச்சு."

அப்புறமும் பல நாள் தூக்கத்தில் அந்தக் கால் மிதித்தது. பக்கத்தில் படுத்திருந்த கணவன் முழங்காலில் உதை வாங்கியபடி, "ஏறிடுச்சு, தூங்கு" என்பான்.

அவன் செய்தி கேட்டு வண்டியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடி வந்திருந்தான். அப்பாவைப் பார்த்துக்கொண்டான், வேன் டிரைவரைச் சமாதானப்படுத்தினான், தரையைக் கழுவினான். அவள் இதற்கிடையில் கியர்பாக்ஸின் மறுபக்கத்துக்கும் ஒரு ஸ்டாண்டு கொடுத்து நிறுத்திவிட்டு, ஜாக்கை உருவிப் பிரித்தாள். உள்ளேயிருந்த சீல் ஊறிய ரொட்டிபோலக் கைபட்டதும் பிய்ந்து வந்தது. அதைவிட அவளை உறுத்தியது தண்டு. அதன் நீளத்துக்கும் ஒரு கீறல். நகத்தை ஓட்டினால் சிக்கியது. புது சீல் போட்டாலும் அந்தக் கீறல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும்.

தெரு முனையில் புதிதாக ஒர்க்‌ஷாப் போட்ட ஒருவர் அந்தச் சமயத்தில் கணவனிடம் வந்து கேட்டார். பழைய ஜாக்காக இருந்தாலும் பரவாயில்லை, தனக்குக் கொடுங்கள் என்றார்.

"சீல் மாத்திக் குடுத்திடலாமே" என்றான் கணவன். "குறை இருக்குன்னு சொல்லியே குடுப்போம். ஏமாத்த வேண்டாம்."

"அவரு தலையாட்டி வாங்கிட்டுப் போவாரு. நாளைக்கு அதுக்கு அடியில நிக்கிறவன்கிட்ட யாரு சொல்லுவா?"

"அதுக்காக? தூக்கியா எறிய முடியும்?"

"எறிஞ்சா எவனாவது பொறுக்கிட்டுப் போவான். வெட்டணும்."

மறுநாள் ஜாக்கை வெல்டரிடம் உருட்டிக்கொண்டு போனாள். கணவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். வெல்டர் கேஸ் கட்டரைப் பற்ற வைத்த நேரத்தில் பக்கத்திலேயே இருந்த தங்கள் வீட்டு மாடிப்படியில் செருப்புச் சத்தம். மாமனார். விபத்துக்குப் பிறகு அவர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசியிருக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட மனைவியிடம் சொல்லி அனுப்பினார். கோபம் என்று வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். அவளும்தான்.

கட்டுப் போட்ட கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். தரையில் கிடந்த ஜாக்கைப் பார்த்தார்.

"அது என் ஜாக்" என்றார்.

கட்டரின் தீ உறுமிக்கொண்டிருந்தது.

"ஆமா மாமா" என்றாள் அவள். "உங்களுதுதான். நீங்களே சொல்லுங்க."

அவர் குனிந்து, நல்ல கையின் விரலைத் தண்டின் மேல் ஓட்டினார். நகம் கீறலில் சிக்கியது. மறுபடி ஓட்டினார். மறுபடி சிக்கியது.

"நடுவுல வெட்டச் சொல்லு" என்றார். "ஓரமா வெட்டினா எவனாவது ஒட்ட வெச்சிருவான்."

வெட்டி முடியும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் மேலே போனார்.

புது ஜாக் வந்தது. வந்த அன்றே வேலைக்கு எடுக்க அவள் விடவில்லை. வேன் டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அவளோ சக்கரம் நாலும் தரையில் சமமாகப் படுகிறதா என்று உருட்டிப் பார்த்தாள். வால்வைத் திறந்து வைத்து மிதித்து உள்ளே இருந்த காற்றை வெளியேற்றினாள். எண்ணெய் அளவைத் தண்டு முழுக்க இறங்கிய நிலையில் பார்த்தாள். பழைய கியர்பாக்ஸை ஏற்றிக் கட்டி, முழங்கால் உயரத்தில் விட்டு, கோடு போட்டாள். டிரைவர் பொறுமை இழந்து, "அக்கா, புது ஜாக்குதானே?" என்றார். மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமனார் கையை உயர்த்திக் காட்டினார். கட்டு இன்னும் பிரிக்கவில்லை, விரல்கள் மடங்காமல் விறைத்து நின்றன. டிரைவர் போய் வாசலில் உட்கார்ந்துகொண்டார். கோடு நகரவில்லை என்று உறுதியானதும், தட்டை நடுவில் பொருத்தி, சங்கிலியை இறுக்கி, அவளே வேனின் கியர்பாக்ஸை இறக்கினாள். யாரையும் அடியில் கை நீட்ட விடவில்லை.

கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கையால் மாமனாரால் ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை. ஒர்க்‌ஷாப் அவள் பொறுப்பில் வந்தது. வாடிக்கையாளரிடம் பேசும் வேலையை அவருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பேரிடம் சண்டை போட்டார், அதை நிறுத்திவிட்டார்கள். மனுஷரால் உட்கார முடியவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து வாசலுக்குப் போனார். வாசலிலிருந்து தெருவுக்குப் போனார். தெருவில் இருந்த ஒர்க்‌ஷாப் ஒவ்வொன்றிலும் நுழைந்து, பேச்சுக் கொடுப்பதுபோல் கொடுத்து, அவர்களுடைய ஜாக்கின் தண்டில் நகத்தை ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தார். கைத்துண்டால் துடைத்து மோந்து பார்த்தார். சிலர் சிரித்தார்கள். ஒருவர், "பெருசு, உங்க வேலையைப் பாருங்க" என்று வெளியே அனுப்பினார். மறுநாள் காலையிலும் அங்கேதான் போய் நின்றார்.

"ஒரு பம்பரத்தை வெச்சுக்கிட்டே நான் பட்ட பாடு போதாதா?" என்று மாமியார் அலுத்துக்கொண்டார். "இப்ப ரெண்டு சுத்துது."

தெரு முனை ஒர்க்‌ஷாப்காரர் கடைசியில் வேறெங்கோ ஒரு பழைய கியர்பாக்ஸ் ஜாக்கை வாங்கிவிட்டார். ஒரு மாலை அவரிடமிருந்து அவளுக்குப் போன் வந்தது.

"உங்க மாமனார் வந்து ஜாக்கைக் கட்டிப் புடிச்சிட்டு நிக்கிறாரு. வண்டி லிஃப்டுல தொங்குது. வேலை பாக்க விடமாட்டேங்கிறாரு. வந்து கூட்டிட்டுப் போங்க."

கையைத் துடைத்துக்கொண்டு போனாள். மாமனார் பெடலுக்கு முன்னால் நந்தி மாதிரி நின்றிருந்தார்.

"துணில எண்ணெய் படுதும்மா. நீயே பாரு."

அவள் பார்த்தாள். தண்டைத் துடைத்தாள், மோந்தாள், நகத்தை ஓட்டினாள். கீறல் இல்லை. எண்ணெய் சரியான எண்ணெய்தான். கழுத்தில் லேசான ஈரம், எந்த ஜாக்கிலும் இருக்கக்கூடிய ஈரம். அடியில் மெழுகு உடையாமல் இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு மாமா."

"எனக்கு நம்பிக்கை இல்ல."

ஒர்க்‌ஷாப்காரர் அவளை ஏக்கத்தோடு பார்த்தார். அவள் வாசலைப் பார்த்தாள்; தன் ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் போட்ட வேலை காத்திருந்தது. போகலாம் என்று திரும்பியவள், இரண்டடி நடந்து, திரும்பி வந்தாள்.

"அண்ணா, உங்ககிட்ட உடைஞ்ச கியர்பாக்ஸ் ஏதாவது கிடக்குதா?"

"எதுக்குங்க?"

"ஒரு தடவை ஏத்தி வெச்சுப் பாத்திடலாம். சாக்பீஸும் இருந்தா குடுங்க."

அவர் தலையில் அடித்துக்கொண்டு எடுத்து வந்தார். மாமனாரும் மருமகளும் அந்த அந்நிய ஒர்க்‌ஷாப்பில் ஆளுக்கொரு பக்கமாக ஜாக்கைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள். வெளிச்சம் குறையத் தொடங்கியபோது அவள் குனிந்து கோட்டைப் பார்த்தாள்.

"இறங்கல மாமா. வாங்க போலாம்."

"இப்ப இறங்கலன்னு சொல்லு" என்றார் அவர். வாசல் வரை வந்தும், இன்னொரு முறை திரும்பிப் பார்க்காமல் அவரால் வர முடியவில்லை. அவளாலும்தான்.